நடுவழியில் திரும்பாத கை: ஐ.ஜி. எனும் நோயாளியின் நிகழ்வு ஆய்வு

மருத்துவ ஆய்விதழ்களில் ஐ.ஜி. என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் பெண் அவர். 29 வயதில் பக்கவாதம் தாக்கியது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இரு பக்கமும் திடீரென இறுகிச் சுருங்கியதுதான் காரணம் என்பது ஆஞ்சியோகிராமில் தெரிந்தது. கடும் தலைவலி, பேச்சுக் குழறல், இரு கண்ணிலும் பார்வையே இல்லாத நிலை. மூன்று நாளில் பார்வை திரும்பியது. திரும்பிய பிறகுதான் வேறொரு கோளாறு வெளியே தெரிந்தது. பார்க்கிற பொருளை நோக்கிக் கை நீட்டினால், கை அங்கே போய்ச் சேரவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில் சேதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பரைட்டல் மடலின் பின்பகுதி, அதை ஒட்டிய பிடரி மடலின் மேற்பகுதியும் வெளிப்பகுதியும் பாதிக்கப்பட்டிருந்தன. மூளைப் புறணியின் பகுதிகளுக்கு இடப்பட்ட பிராட்மன் எண்களில் சொன்னால் 18, 19, 7, அத்துடன் 39இல் ஒரு சிறு பங்கு. பரைட்டல் மடலை மேல், கீழ் என இரண்டாகப் பிரிக்கும் பள்ளமும் சேதத்துக்குள் அடக்கம். இந்தப் பள்ளத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இன்னொரு சோதனையில் இதே இடம் வரும்.

ஆரம்பத்தில் ஒரு நேரத்தில் ஒரு பொருளுக்கு மேல் கண்ணில் பிடிபடாத சிக்கலும் இருந்தது. நாளடைவில் அது தணிந்து, மூன்று பொருளுக்கு மேல் இருந்தால்தான் தடுமாற்றம் என்ற அளவுக்கு வந்தது. பார்வைப் புலத்தில் வலப்பக்கக் கீழ்க் கால்பகுதியில் மட்டும் ஓரளவு இழப்பு. கை வலிமை சரி. தொடுவுணர்வு சரி. கண்ணை மூடிக்கொண்டாலும் தன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. அதாவது பார்வையும் கையும் தனித்தனியே வேலை செய்தன. இரண்டுக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்திருந்தது.

பழைய பெயர், பழைய விளக்கம்

இந்தக் கோளாறுக்கு ஆப்டிக் அட்டாக்ஸியா என்று 1909இல் பெயர் வைத்தவர் புடாபெஸ்ட் மருத்துவர் ரெஷோ பாலின்ட். அவருடைய நோயாளி சிகரெட்டைப் பற்றவைக்கப் போனால் தீயை நுனிக்குக் கொண்டுபோகாமல் நடுவில் வைப்பார். இடக்கையிலுள்ள முள்கரண்டியால் இறைச்சியைப் பிடித்துக்கொண்டு வலக்கைக் கத்தியால் வெட்டப் போனால், கத்தி தட்டுக்கு வெளியே இறைச்சியைத் தேடும். இதில் உற்றுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அதே கண், அதே இறைச்சி. இடக்கை அதைச் சரியாகப் போய்ப் பிடிக்கிறது, வலக்கைதான் தவறுகிறது. பார்வைக் குறை என்றால் இரண்டு கையும் தவறியிருக்க வேண்டும். தசைக் குறை என்றால், கண்ணை மூடிக்கொண்டு தன் உடம்பைத் தொடும்போதும் வலக்கை தவறியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை.

அதன் பிறகு தொண்ணூறு ஆண்டுகளுக்குச் சொல்லப்பட்ட விளக்கம் எளிமையானது. பொருள் இருக்கும் இடத்தைக் கைக்கான கணக்காக மாற்றும் பகுதி சேதமாகிவிட்டது. ஆகவே திட்டம் தவறு. ஆகவே கை தவறு. 1988இல் பெரெனினும் விகெத்தோவும் ஒரு பக்கம் மட்டும் சேதமான 10 நோயாளிகளைச் சோதித்து, இடது மூளைச் சேதத்தில் வலக்கையும் வலப்பக்கப் பார்வைப் புலமும் சேர்ந்து பாதிக்கப்படுவதைக் காட்டினார்கள். படம் தெளிவானது, விளக்கம் மாறவில்லை. 2000இல் லோர் பிசெல்லா, ஈவ் ரோசெத்தி உள்ளிட்ட, பிரான்ஸின் லியோன் நகர ஆய்வுக் குழு ஐ.ஜி.யை வைத்துக் கேட்ட கேள்விதான் அந்த விளக்கத்தை அசைத்தது. தவறு புறப்படும்போது நேர்கிறதா, போகும் வழியில் நேர்கிறதா?

கை நீட்டலின் அரை விநாடி

கேள்வியின் கூர்மை புரிய, நலமாக உள்ளவர் கை நீட்டும்போது என்ன நடக்கிறது என்று மில்லிசெகண்ட் கணக்கில் பார்க்க வேண்டும். இனி அலகு சொல்லாமல் வரும் நேரக் கணக்குகள் எல்லாம் மில்லிசெகண்டுகள், அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மேசையின் ஓரத்தில் ஒரு டம்ளர். பார்வை வேறெங்கோ இருக்கிறது. எடுக்க முடிவானதும் கண்ணுக்கும் கைக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கட்டளை போகிறது. கண் லேசானது, சுமார் 200இல் தாவத் தொடங்கிவிடும். கை கனமானது, தசை இழுத்து மூட்டு அசைய நேரம் பிடிக்கும். ஆகவே கண் டம்ளரில் போய் நிற்கும் நேரமும் கை கிளம்பும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. இதன் பொருள் என்ன? கையின் முதல் கட்டளை எழுதப்பட்டபோது டம்ளர் பார்வையின் ஓரத்தில், மங்கலாகத்தான் இருந்தது. துல்லியமான இடம் தெரிய வந்தபோது கை ஏற்கெனவே காற்றில்.

அரைகுறைத் தகவலில் புறப்படுவதுதான் கையின் வழக்கம். மீதித் திட்டம் வழியில்தான் எழுதப்படுகிறது. திருத்தம் என்பதை ஏதோ தவறு நேர்ந்தால் மட்டும் வரும் அவசர உதவி போல நினைப்பது பிழை. ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும் அது நடக்கிறது. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதை மறுக்க முடியாதபடி காட்டியது 1986இல் குடேல், பெலிசோன், பிராப்லான் செய்த சோதனை. கண் தாவும் அந்தச் சில பத்து மில்லிசெகண்டுகளில் நமக்குப் பார்வை மங்கும். அந்த இடைவெளிக்குள் இலக்கைச் சற்றுத் தள்ளி வைத்தால், தள்ளியதே தெரியாது. பங்கேற்றவர்கள் இலக்கு நகர்ந்ததாகச் சொல்லவில்லை. கையோ புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குக் கூடுதல் நேரமும் ஆகவில்லை. இலக்கு ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்ததைப் போல நீட்டல் முடிந்தது. இன்னொன்று: அவர்களுக்குத் தங்கள் கையும் கண்ணுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தது. எனவே கையின் உருவத்தையும் இலக்கின் உருவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்தியிருக்க வழியில்லை.

பிறகு எதை வைத்துத் திருத்தியது மூளை? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்தோ மூட்டிலிருந்தோ வரும் செய்தி பயன்படும் நிலைக்கு வர 100 ஆகிறது என்றால், செய்தி சொல்லும் இடத்துக்கும் கை உண்மையில் இருக்கும் இடத்துக்கும் 10 செ.மீ. இடைவெளி விழுந்துவிடும். டம்ளரின் விட்டத்தைவிடப் பெரிய பிசகு. ஆகவே வந்துசேரும் செய்தியை மட்டும் நம்பி வேகமான கையை ஓட்ட முடியாது. தசைக்குப் போகும் கட்டளையின் நகல் ஒன்றை மூளை தனக்குள் வைத்துக்கொண்டு, "இந்தக் கட்டளைக்கு இந்நேரம் கை இங்கே இருக்கும்" என்று முன்கணிக்கிறது. அந்தக் கணிப்பையும் இலக்கின் இப்போதைய இடத்தையும் ஒப்பிட்டால் மீதம் எவ்வளவு என்று தெரியும். பழைய செய்தி வந்துசேரும்போது கணிப்பைச் சரிசெய்துகொள்ளலாம்.

இதற்கு நேரடிச் சான்று ஜி.எல். என்ற இன்னொரு நோயாளி. தொடுவுணர்வையும் மூட்டுநிலை உணர்வையும் கொண்டுவரும் தடித்த நரம்பிழைகள் அவருக்கு அழிந்துவிட்டன. கண்ணை மூடினால் கை எங்கே என்றே தெரியாது. அவருக்கும் கண் தாவும்போது இலக்கைத் தள்ளி வைத்துப் பார்த்தார்கள், கையும் மறைக்கப்பட்டிருந்தது. திருத்தம் நடந்தது. பார்வையும் உணர்வும் கையைப் பற்றி எதுவும் சொல்லாத நிலையில், மிச்சமிருப்பது கட்டளையின் நகல் மட்டுமே. 1999இல் வெளிவந்த முடிவு இது.

ஐ.ஜி.யிடம் செய்த சோதனை

திரையில் ஒரு புள்ளி. விரல் அதைத் தொட வேண்டும். ஐந்தில் ஒரு முறை, விரல் கிளம்பியதும் புள்ளி பக்கவாட்டில் தாவும். சோதனை இவ்வளவுதான், நுட்பம் கட்டளையில் இருந்தது. ஒரு சுற்றில், "புள்ளி தாவினால் தொடர்ந்து போய்த் தொடுங்கள்." மற்றொரு சுற்றில், "புள்ளி தாவினால் கையை அப்படியே நிறுத்துங்கள்."

நலமாக உள்ளவர்களுக்கு இந்த இரண்டாவது கட்டளை ஒரு பொறி. மிக வேகமான நீட்டலில் எதற்குமே நேரமில்லை; கை பழைய இடத்தில் போய் முடியும். மெதுவான நீட்டலில் சொன்னபடி நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வேகம் உண்டு. அதில் நிறுத்தச் சொல்லியும் கை நிற்காமல் புதிய இடத்துக்குத் திரும்பிப் போய்த் தொட்டுவிடுகிறது. தொட்ட பிறகு, கை தங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று அவர்களே எரிச்சல்பட்டார்கள். வேண்டாம் என்று எண்ணம் சொன்னபோதும் கை திருத்திக்கொண்டது என்றால், அந்தத் திருத்தத்தை இயக்குவது எண்ணம் அல்ல. இலக்கு இடம் மாறாமல் நிறம் மட்டும் மாறினால் திரும்பச் சொன்ன சோதனையில் இந்த விரைவு கிடைக்கவில்லை. நிறத்தைப் பார்த்துத் திரும்புவது தாமதமானது. விரைவுப் பாதைக்கு இடம் தெரியும், நிறம் தெரியாது.

ஐ.ஜி. சோதனை வெளிவந்த அதே 2000இல் டேயும் லயனும் வேறொரு விதத்தில் இதையே காட்டினார்கள். இலக்கு தாவினால் எதிர்ப்பக்கம் போகச் சொன்னார்கள். கை முதலில் இலக்கின் பக்கமே லேசாகச் சாய்ந்து, அதன் பிறகுதான் சொன்ன பக்கம் திரும்பியது. முதல் சாய்வு தொடங்க 150 கூட ஆகவில்லை. விருப்பம் அதற்குப் பிறகுதான் வந்துசேர்ந்தது.

இப்போது ஐ.ஜி. அசையாத புள்ளியை நேராகப் பார்த்துத் தொடுவதில் அவருக்குப் பெரிய சிரமமில்லை. இந்த ஒன்றே பழைய விளக்கத்துக்கு இடி. இடத்தைக் கணக்கிடத் தெரியாத மூளை என்றால், நேராகப் பார்த்த புள்ளியிலும் தவற வேண்டுமே! தவறவில்லை. புள்ளி தாவியபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. நலமாக உள்ளவர்கள் திரும்பிவிடும் அந்த இடைப்பட்ட வேகத்தில் அவர் கை திரும்பவே இல்லை. பழைய இடத்துக்கே போய் முடிந்தது. நிறுத்தச் சொன்ன சுற்றில், மற்றவர்களை ஏமாற்றிய அந்தத் தன்னிச்சைத் திருத்தம் அவரிடம் தலைகாட்டவில்லை. கட்டளையை மீறும் கை அவருக்கு இல்லை, ஏனென்றால் மீறச் செய்யும் பாதை இல்லை. மெதுவாகப் போகும்போது மட்டும், யோசித்து, விரும்பி, கையைத் திருப்பினார்.

புள்ளி தாவியதை அவர் பார்க்கவில்லையோ என்ற சந்தேகம் நியாயமானது. மெதுவான நீட்டலில் அதே தாவலுக்கு அவர் பதில் கொடுத்தார் என்பதே அதற்கு விடை. பார்த்தார். பார்த்தது கைக்குத் தாமதமாகப் போனது.

2002இல் கிரேயா முதலானோர் உருளை ஒன்றை எடுக்கச் சொல்லி இதே கேள்வியைத் திரும்ப ஆராய்ந்தார்கள். உருளை நடுவில் நின்றாலோ வலப்பக்கம் நின்றாலோ ஐ.ஜி.யின் கை நலமானவர்களின் கையைப் போலவே போனது. வேகம் ஏறி இறங்கும் வளைவும் ஒத்திருந்தது. கை கிளம்பியதும் உருளை நடுவிலிருந்து வலப்பக்கம் மாறினால் நிலைமை வேறு. நலமானவர்களின் பாதை வழியிலேயே வளைந்து, ஒரே நீட்டலாக முடிந்தது. ஐ.ஜி.யின் கையோ உருளை இல்லாத பழைய இடத்துக்கு முழுவதுமாகப் போனது. அங்கே நின்றது. பிறகு இரண்டாவது நீட்டல் ஒன்றைத் தொடங்கி வலப்பக்கம் போனது. வேக வரைபடத்தில் ஒரே மலைக்குப் பதிலாக இரண்டு மலைகள், நடுவில் பள்ளம். ஐ.ஜி.யைப் பற்றிய ஆய்வுகளில் ஒன்றே ஒன்றை ஒருவருக்குக் காட்ட வேண்டும் என்றால் இந்த இரண்டு மலைகளைத்தான் காட்ட வேண்டும். திட்டம் முழுமையாக இருக்கிறது, இரண்டு முறையும் சரியாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்துக்குள் புதுத் தகவலை நுழைக்கத்தான் வழியில்லை.

காத்திருந்தால் கை தேறுகிறது

2001இல் மில்னர், ரோசெத்தி முதலானோர் ஐ.ஜி.யிடம் கண்டது முதலில் படிக்கும்போது நம்பக் கடினம். பொருளைக் காட்டி, மறைத்து, சில விநாடி கழித்து அதை எடுப்பதுபோல் நடிக்கச் சொன்னால் நலமானவர்களுக்குத் துல்லியம் குறையும். ஐ.ஜி.க்குக் கூடியது. எதிரே பொருள் இருக்கும்போது அதன் அளவுக்கு விரல்களைத் திறக்கத் திணறியவர், நினைவிலிருந்து நடிக்கும்போது அளவுக்கு ஏற்பத் திறந்தார்.

அடுத்து ஒரு பரிசோதனை. பொருளை முன்கூட்டிக் காட்டி, மறைத்து, சில விநாடி கழித்துத் திரும்பக் காட்டி எடுக்கச் சொன்னார்கள். நன்றாகவே எடுத்தார். எப்போதாவது ஒரு முறை, மறைத்திருந்த நேரத்தில் பொருளைச் சொல்லாமல் மாற்றினார்கள். சிறியதற்குப் பதில் பெரியது, பெரியதற்குப் பதில் சிறியது. நலமானவர்களின் விரல்கள் எதிரே இருப்பதற்கு ஏற்பத் திறந்தன. ஐ.ஜி.யின் விரல்கள் முன்பு பார்த்த பொருளுக்கு ஏற்பத் திறந்தன. கண் முன்னால் வேறு பொருள் இருக்கிறது. கை சற்றுமுன் இருந்ததை எடுக்கப் போகிறது.

இரண்டு பாதைகள் இருப்பதாக இதைப் புரிந்துகொள்ளலாம். பிடரி மடலிலிருந்து பரைட்டல் மடல் வழியே மேலேறும் பாதை, இந்தக் கணத்தில் பொருள் எங்கே, எப்படி என்று கைக்குச் சொல்கிறது. சொன்னதை அடுத்த கணமே மறந்துவிடுகிறது. பொட்டுப் பக்கமாகக் கீழிறங்கும் பாதை பொருளை இனங்கண்டு நினைவில் வைக்கிறது, ஆனால் நிதானமானது. ஐ.ஜி.க்கு மேல்பாதை சேதமாகிவிட்டது. உடனே நீட்டும்போது சேதமான பாதையே குறுக்கே வந்து கெடுக்கிறது. காத்திருந்தால் கீழ்ப்பாதை கைகொடுக்கிறது. இதற்கு மறுதலையான நோயாளி டி.எஃப். கார்பன் மோனாக்சைடு நச்சால் கீழ்ப்பாதை சேதமானவர். தபால் பெட்டியின் வாய் போன்ற பிளவு சாய்வாக இருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது. அட்டையை அதற்குள் போடச் சொன்னால் கை தானே சரியான சாய்வில் திரும்பிவிடும்.

தடைகளைத் தவிர்ப்பதிலும் மேல்பாதையின் இழப்பு தெரிந்தது. ஐ.ஜி.யும், அவரைப் போலவே இரு பக்கமும் சேதமான ஏ.டி.யும் இரண்டு உருளைகளுக்கு இடையே கையை விட்டு அப்பால் தொட வேண்டும். நலமானவர்களின் கை, உருளை நகர்ந்தால் தானும் சற்று விலகிப் போகும். இவர்கள் இருவரின் கைப்பாதை உருளைகளின் இடத்தைப் பொருட்படுத்தவே இல்லை. உருளைகளுக்கு நடுமையம் எது என்று விரலால் காட்டச் சொன்னபோது காட்டினார்கள். 2004இல் ஷிண்ட்லர் முதலானோர் வெளியிட்டது இது.

அந்தப் பள்ளத்தில் ஒரு துடிப்பு

ஒரு நோயாளியின் சேதம் பெரிது; அதில் எந்தத் துண்டு திருத்தத்துக்குப் பொறுப்பு என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஐ.ஜி. பற்றிய கட்டுரைக்கு ஓர் ஆண்டு முன்பே, 1999இல், தெமுர்ஷே முதலானோர் வேறு வழியில் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். நலமான ஐந்து பேர். தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால், இடது பரைட்டல் மடலில் முன்பு சொன்ன அதே பள்ளத்தின் மேல், கை கிளம்பும் தருணத்தில் ஒரே ஒரு துடிப்பு. இலக்கு அசையாமல் இருந்தால் துடிப்பு எதையும் கெடுக்கவில்லை. இலக்கு தாவியபோது ஐவரில் நால்வருக்கு வலக்கையின் திருத்தம் குலைந்தது. கை பழைய இடத்தை நோக்கிப் போனது. இடக்கையில் திருத்தம் கெடவில்லை. நலமான மூளையை ஒரு நொடிக்கு ஐ.ஜி.யின் மூளையாக மாற்றிப் பார்த்தது போன்ற முடிவு.

விவாதம் இதோடு முடியவில்லை. ஐ.ஜி.க்குச் சேதம் இரு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் சேதமானவர்களில் படம் கலங்கலாகிறது. இலக்கு எந்தப் பக்கம் தாவுகிறது, எந்தக் கை நீள்கிறது என்பதைப் பொறுத்துத் திருத்தம் கெடவும் செய்கிறது, தப்பவும் செய்கிறது. தவிர, பார்வையின் ஓரத்தில் உள்ள அசையாத பொருளிலும் இந்த நோயாளிகள் தவறுகிறார்கள். எவ்வளவு ஓரமோ அவ்வளவு பிசகு. வழித்திருத்தம் கெட்டது என்ற ஒன்றால் மட்டும் அதை முழுதாக விளக்க இயலாது. ஓரப்பார்வையில் இடத்தைக் கணக்கிடும் திறனும் அங்கே பழுதாகியிருக்கிறது என்று கொள்வதே சரி. ஓரப்பார்வைதான் கையின் முதல் கட்டளைக்கு மூலப்பொருள் என்பதை நினைத்தால், இரண்டு பழுதும் தொலைவில் இல்லை.

படுக்கையருகே சோதிக்கும் முறை

இந்தக் கோளாறு தவறவிடப்படுவதற்கு முக்கியக் காரணம், வழக்கமான விரல்-மூக்குச் சோதனையில் நோயாளி தொட வேண்டிய விரலை நேராகப் பார்க்க அனுமதிப்பதுதான். நேராகப் பார்த்தால் தொட்டுவிடுவார். "ஒருங்கிணைப்பு இயல்பு" என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இது. எதிரே நின்று, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். பார்வை நகர்ந்தால் உங்களுக்கு உடனே தெரியும். நோயாளியின் கை மார்பின் நடுவில் தொடங்கட்டும், ஒவ்வொரு முறையும் அங்கேயே திரும்பட்டும். ஒரு பேனாவைச் சத்தமில்லாமல் ஓரத்தில் காட்டுங்கள். கண்ணிலிருந்து 60 செ.மீ. முன்னால், நடுக்கோட்டிலிருந்து 22 செ.மீ. தள்ளிப் பிடித்தால் சுமார் 20 டிகிரி; 35 செ.மீ. தள்ளினால் 30 டிகிரி. முதலில் தெரிந்ததும் "ம்" என்று சொல்லச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் அது பார்வைப் புல இழப்பு. அந்த இடத்தில் சோதிப்பதில் அர்த்தமில்லை. தெரிந்தால், அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். வலக்கை, இடக்கை, வலப்புலம், இடப்புலம். இந்த நான்கு சேர்க்கையும் தேவை, மேலும் கீழும் தனித்தனியாக. ஒரே கையால் சோதித்து முடித்தால் பாலின்டின் நோயாளியையே தவறவிட்டிருப்பீர்கள்.

கவனிக்க வேண்டியது விரல் முதலில் போய்ச் சேரும் இடத்தை. ஆப்டிக் அட்டாக்ஸியாவில் கை பேனாவுக்குப் பக்கத்தில் சில செ.மீ. தள்ளி இறங்கி, விரல்களை அகல விரித்துக் காற்றில் துழாவும். சிலருக்குக் கை தாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் மூக்குப் பக்கமே இழுபடும். துழாவிக் கடைசியில் பேனாவைப் பிடித்துவிட்டார் என்று "சரி" போட்டுவிடக் கூடாது. பிறகு பேனாவை நேராகப் பார்த்துப் பிடிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். கடைசியாக, கண்ணை மூடி ஒரு கையால் மறு கையின் கட்டைவிரலைத் தொடச் சொல்லுங்கள். இது சரியாக வர வேண்டும்.

சிறுமூளைக் கோளாறோடு குழப்பிக்கொள்வது அடிக்கடி நேர்வது. அங்கே நேராகப் பார்த்தாலும் கை தாண்டிப் போகும், இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும், கண்ணை மூடித் தன் மூக்கைத் தொட்டாலும் அதே கதை. ஒரு பக்கத்தைப் புறக்கணிக்கும் நோயாளியோ அந்தப் பக்கத்துப் பேனாவுக்குக் கையையே நீட்டமாட்டார். ஆப்டிக் அட்டாக்ஸியா நோயாளி நீட்டுவார், தவறுவார்.

வழித்திருத்தத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால், நேராகப் பார்க்கவிட்டு, கை கிளம்பியதும் பேனாவை 10 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தலாம். கை வளைந்து வருகிறதா, பழைய இடத்தில் நின்று இரண்டாவது முறை கிளம்புகிறதா? வேகமாகப் பிடிக்கச் சொல்வது முக்கியம். நிதானமாகப் பிடிக்கவிட்டால் விருப்பத் திருத்தத்துக்கு நேரம் கிடைத்து, பழுது மறைந்துவிடும். இது கண்ணளவுச் சோதனைதான். எண் வேண்டுமென்றால் ஆய்வகம் வேண்டும்.

ஆய்வகத்திலும் கால் இடறும் இடங்கள் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும். கணினி "தாவு" என்று சொன்ன கணமும் புள்ளி உண்மையில் தாவிய கணமும் ஒன்றல்ல. திரையில் ஒளியுணரி ஒட்டி அளக்காமல், திருத்தம் தொடங்க 120, 130 மில்லிசெகண்டு ஆனது என்று எழுதுவது வீண். தாவல்கள் ஐந்தில் ஒன்றுக்கு மேல் போனால் பங்கேற்பவர் எதிர்பார்க்கத் தொடங்கி, மெதுவாகவும் நடுவாகவும் நீட்டுவார். கையின் வேகத் தரவை முன்னும் பின்னும் வடிகட்டினால் திருத்தம் உண்மையைவிட முன்னதாகத் தொடங்கியதுபோல் காட்டும். தாவாத நீட்டல்களின் சராசரிப் பாதையிலிருந்து பக்கவாட்டு வேகம் எப்போது பிரிகிறது என்று பார்ப்பதே நம்பகமானது. தனித்தனி நீட்டல்களில் தொடக்கத்தைக் கண்ணால் குறிப்பது கூடாது.

வீட்டில்

இப்படிப்பட்ட நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டியவை இந்தப் பொறிமுறையிலிருந்தே வருகின்றன. எடுக்கும் முன் தலையையும் கண்ணையும் பொருளின் பக்கம் திருப்பி, ஒரு கணம் நின்று, பிறகு கை நீட்டப் பழக வேண்டும். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே பக்கத்து டம்ளரை எடுப்பது இனி ஆகாது. சூடான காபியைக் கையில் நீட்டக் கூடாது. நீட்டும் கை கொஞ்சமாவது அசையும், அவருடைய கை அது இருந்த இடத்துக்குப் போகும். மேசைமேல் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, பிறகு எடுக்கச் சொல்லலாம். அடுப்பு மேடையில் பாத்திரங்களுக்கு நடுவே கையை விட்டு உப்பு ஜாடியை எடுக்கும் வேலை, தடையைத் தவிர்க்காத கைக்கு ஆபத்து. ஜாடிகள் முன்வரிசையில் தனியே நிற்கட்டும். பழகிய பொருள்கள் பழகிய இடத்திலேயே இருப்பது நல்லது. ஏ.டி. வெறும் உருளைகளுக்கு விரலைச் சரியாகத் திறக்காதவர், அதே அளவுள்ள லிப்ஸ்டிக்குக்குச் சரியாகத் திறந்தார். தெரிந்த பொருளின் அளவு நினைவிலிருந்து வருகிறது. குழந்தையைத் தூக்குவதும் வாகனம் ஓட்டுவதும் தனியே பேசி முடிவெடுக்க வேண்டியவை, ஏனென்றால் அங்கே இலக்கு ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை.